புல் பிடுங்கிய வரிசை

காய்ச்சல் விட்டுத் தோட்டத்துக்கு வந்தவனுக்கு மறுபடி தலை சுற்றியது. கடைசி வரிசையில் திராட்சைக் கொடிகளின் காலடியில் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு புல் இல்லை. தரை வழித்தெடுத்த மண்டை மாதிரி இருந்தது. மாமனார் களைக்கொத்தைக் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் பெருமையாக நின்றார்.

“எப்படி மாப்ள? நீங்க படுத்துக் கிடந்தீங்க. நான் சும்மா இருக்கல.”

“மாமா, அது நான் விதைச்ச புல்லு.”

“புல்லை யாராவது விதைப்பாங்களா?”

மகள் இறந்த பிறகு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக வந்தவர் அவர். போகவில்லை. அந்த வரிசை அவள் கடைசியாக நட்டது. சுண்ணாம்பு மண். அங்கே மட்டும் இளம் இலைகள் நரம்பு பச்சையாக, மீதி மஞ்சளாக வெளிறும். இந்தப் பருவமும் மஞ்சளானால் பிடுங்கி எறிந்துவிட்டு டிராக்டர் கொட்டகை போடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். நிலம் அண்ணன் பெயரில்.

அதனால்தான் குளிர் தொடங்கும் முன்பே வரிசை முழுக்க மக்கிய எருவைக் கலந்து, இடையில் புல் விதைத்திருந்தான். சுண்ணாம்பு பிடித்து வைத்திருக்கும் இரும்பைப் புல்லின் வேர் கரைத்துவிடும். பக்கத்துக் கொடி அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினான். மாமனார் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் ஏறவில்லை என்று அர்த்தம்.

அடுத்து வந்த தளிர்கள் வெளிறின.

ஒரு காலையில் கொடிகளின் அடியில் ஏதோ மின்னியது. லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருள். சாக்கு தீர்ந்த இடம் வரை ஒவ்வொரு கொடிக்கும் ஒரு குவியல். மாமனார் காலி சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

“இரும்பு பத்தலைன்னீங்க. காலமெல்லாம் லேத்துல நின்னவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“மண்ணுல இரும்பு இருக்கு மாமா! கொட்டிக் கிடக்கு! கொடியால அதை எடுத்துக்க முடியல, அவ்வளவுதான்!”

“இருக்கறதை எடுத்துக்க முடியாதா? நல்ல கதை.”

“முடியாது!”

“தட்டு நிறைய சாப்பாடு இருக்க, நீங்க ரெண்டு வாய் அளைஞ்சுட்டு எழுந்து போறீங்களே, அது மாதிரியா?”

அவன் ஒரு சுருளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டான். பிறகு, “அள்ளுங்க, எல்லாத்தையும்” என்றான்.

மாமனார் பழைய பட்டறைக்குப் போய் ஒரு பெரிய காந்தத்தோடு வந்தார். குந்தி உட்கார முட்டி இடம் கொடுக்காது. முக்காலியைப் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டே ஒவ்வொரு கொடியாக நகர்ந்தார்.

அவர் வரிசையின் கடைசியை நெருங்கும்போது அண்ணன் வந்தான். பின்னால் மண் அள்ளும் இயந்திரம்.

“மஞ்சளாத்தானே இருக்கு?”

“புல்லைப் பிடுங்கிட்டாருண்ணா.”

“போன வருஷம் மழை. இந்த வருஷம் மாமனார். உனக்குக் காரணத்துக்கா பஞ்சம்? நகருடா.”

அவன் நகரவில்லை. அவளைப் பற்றிச் சொன்னால் அண்ணன் ஒருவேளை விட்டுவிடுவான். அதற்காக அவளை இழுக்க மனம் வரவில்லை.

“மாப்ள!” வேலியோரத்திலிருந்து மாமனார் கத்தினார். “இங்க நான் கொத்தவே இல்லையே!”

அண்ணனும் தம்பியும் போய்ப் பார்த்தார்கள். கடைசி நாலு கொடிகள். கணுக்கால் மறைய புல். தளிர் முதல் அடி இலை வரை கரும்பச்சை.

“அன்னிக்கு முட்டி வலி தாங்கல. அப்படியே விட்டுட்டேன்” என்றார் மாமனார், குற்றவாளி மாதிரி.

அண்ணன் ஓர் இலையைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுக்கும் அதே எருதானே?”

“அதே எரு, அதே மண்ணு. புல்லு மட்டும்தான் கூடுதல்.”

“அடுத்த வருஷம் வரைக்கும்தான்” என்றான் அண்ணன். “அதுவரைக்கும் இவர் கையில களைக்கொத்து இருக்கக் கூடாது.”

இயந்திரம் திரும்பிப் போனது. மத்தியானத்துக்குள் அவன் மறுபடி புல் விதைத்து முடித்தான். மாமனார் தட்டைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். அவன் அங்கேயே உட்கார்ந்தான். பொறுப்பில்லாதவர், கேட்காமல் செய்பவர், கேட்டாலும் புரியாதவர் என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு. மாமனார் தலையாட்டிக்கொண்டே பரிமாறினார். தட்டு காலியானதை இருவரும் கவனித்தார்கள்.

அப்போது அவன் செருப்பு நனைந்தது.

“விதைக்குத் தண்ணி விட்டீங்களா?”

“லேசா.”

“குழாயை மூடினீங்களா?”

மாமனார் முட்டி வலியை மறந்து ஓடினார்.