ஈரத்தரை

எங்கள் மழலையர் பிரிவின் பின்முற்றத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். குழந்தை ஏதாவது வேலை கொடுத்தாலொழிய பெரியவர்கள் யாரும் விளையாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வேலியோரம் நிற்கலாம், பார்க்கலாம், வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முதல் இரண்டும் எனக்குச் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவதோடுதான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முற்றத்தில் ஒரு மண்மேடு, ஒரு தண்ணீர்க் குழாய், பழைய டயர்கள், பலகைகள், அடி கறுத்த பாத்திரங்கள், யாரோ வீடு மாற்றும்போது கொடுத்துவிட்டுப் போன தட்டைக் கற்கள். மழை பெய்தாலும் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியேதான் இருப்பார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது பெற்ற தாய்க்கே எது தன் பிள்ளை என்று ஒரு நிமிஷம் தேட வேண்டியிருக்கும். "எப்ப டீச்சர் எழுத வைப்பீங்க?" என்று கேட்கும் பெற்றோர் வருஷத்துக்கு வருஷம் உண்டு. அவர்களுக்காகவே ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருப்பேன். அதை நான் சொல்லும் அழகில் எனக்கே ஒரு கர்வம் உண்டு.

அந்த வருஷம் நாலு வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். புதிதில் யாரோடும் ஒட்டவில்லை. கூப்பிட்டால் வருவாள், கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். ஒருநாள் தட்டைக் கற்களைப் பார்த்தாள். பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு மண்ணில் குந்தினாள். மண்ணையும் தண்ணீரையும் பிசைந்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். உடைந்த கரண்டியால் அதைப் பரப்பி ஒரு கல்லை வைத்தாள். கட்டைவிரல் முட்டியால் தட்டி, காதைக் கீழே கொண்டுபோய்ச் சத்தம் கேட்டாள். திருப்தி இல்லை. கல்லைப் பிடுங்கி, அடியில் இன்னும் கொஞ்சம் கலவை போட்டு மறுபடி வைத்தாள். பிறகு பாதி தண்ணீர் நிரப்பிய மருந்துப் பாட்டிலைக் கல்மேல் படுக்க வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்து, லேசாகச் செருமினாள்.

அவளைச் சேர்க்க வந்த அன்று பார்த்த அப்பா டைல்ஸ் போடுகிறவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தாயைப் போல பிள்ளை என்பார்கள். இவள் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள், அந்த லேசான செருமல் உட்பட.

நான்தான் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். அது நன்றாக ஒட்டிக்கொண்டது. "மேஸ்திரி, இந்தக் கல்லு ஆடுது," என்று ஓடி வந்தார்கள். "மேஸ்திரி, எனக்கும் வேலை குடு," என்று வரிசையில் நின்றார்கள். எந்த விளையாட்டிலும் கதவாக மட்டுமே நிற்க ஆசைப்படும் ஒரு பையன் எங்களிடம் உண்டு. அவன் பெயரே கதவு. அவன்கூடத் தன் பழைய இடத்தை விட்டுவிட்டு மேஸ்திரி கட்டும் வீட்டுக்கு வந்து கையை விரித்து நின்றுகொண்டான். யாரோடும் பேசாமல் இருந்த பெண் இப்போது நாள் முழுக்கப் பேசினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வழக்கமாக அவளைக் கொண்டுவந்து விடுவதும் அழைத்துப் போவதும் அவள் அம்மாதான். ரொட்டிக் கடையில் விடியற்கால வேலை முடித்து, முன்கையில் மாவோடு வருவாள். ஒருநாள் கரண்டு போய், கல் அறுக்கும் மெஷின் ஓடாததால் அப்பா வந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மகள் சேறும் சகதியுமாகக் குந்தியிருக்க, நாலைந்து பிள்ளைகள் சுற்றி நின்று "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு நான் அவரிடம் போனேன். பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். "பாருங்க, எத்தனை கல்லு வேணும்னு எண்ணிப் பார்க்கிறா, அளக்கிறா, மட்டம் பார்க்கிறா. நாலு பேர்கிட்ட வேலை வாங்குறா. எல்லாம் விளையாட்டுலேயே வருது. நாங்க எதையும் திணிக்கிறதில்ல."

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"எண்ணுறது, அளக்கிறது, மட்டம் பார்க்கிறது எல்லாம் எனக்கும் வரும் டீச்சர். எங்கப்பாவுக்கும் வந்துச்சு. அவரையும் மேஸ்திரின்னுதான் கூப்பிட்டாங்க. என்னையும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நான் முட்டி தேயத் தேயக் குந்துறது, இவ குந்தக் கூடாதுன்னுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "டாக்டர் பிள்ளை இங்க சேத்துல விளையாடலாம். ராத்திரி கழுவிட்டா போயிடும். எங்களுக்கு அப்படிப் போகாதுங்க."

நான் வேலியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன். அவரே தொடர்ந்தார்.

"மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்துல சீட்டு சொல்லி வெச்சிட்டேன். திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன். பாப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க, அழுவா." அவர் குரலில் கோபமே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெயரை வைத்த வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது. மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். மோசமான இடம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதுவார்கள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் இவள் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். அங்கே போனால் மறுபடி மூடிக்கொள்வாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

பெரிய டீச்சரிடம் போனேன். எங்கள் பிரிவின் தலைமை ஆசிரியை அவர். அதிர்ந்து பேச மாட்டார்.

"திங்கக்கிழமை ஒரு நாள் மட்டும் அவளை உள்ள உட்கார வெச்சு பென்சிலைக் கையில குடுத்துடலாம் டீச்சர். அவர் வரும்போது அவ எழுதிக்கிட்டு இருக்கட்டும். மனசு மாறினாலும் மாறும்."

"செவ்வாக்கிழமை வந்து பார்த்தார்னா?"

"அதை அப்பப் பார்த்துக்கலாம்."

"வேணாம்மா," என்றார் பெரிய டீச்சர். "அவர் நம்மகிட்ட நெஞ்சைத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்காரு. அதுக்குப் பதிலா நாடகம் போட்டா, அது அவரை ஏமாத்துறது. அவ எங்க இருக்காளோ அங்கேயே இருக்கட்டும். வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

அவர் சொன்னது சரி என்று தெரிந்துதான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்மாதான் வழக்கம்போல விட்டுவிட்டுப் போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவர் சொன்னா சொன்னதுதான் டீச்சர்," என்று மட்டும் முணுமுணுத்தாள். முந்தின நாள் பெய்த மழையில் முற்றம் ஊறிக் கிடந்தது. மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். கலவைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டாமே. கற்களைப் பரப்பி ஒரு முழு அறைக்குத் தரை போட ஆரம்பித்தாள். கதவு தன் இடத்தில் நின்றான். நான் வேலியோரம் நின்று, அவள் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. புதுப் பள்ளிக்கூடத்துக்கு மகளை அழைத்துப் போகிற மரியாதைக்காக உடுத்தியது என்று பார்த்தாலே தெரிந்தது. அது என்னை என்னவோ செய்தது.

"பாப்பா, வாம்மா, போலாம்."

அவள் தலையைத் தூக்கவில்லை. "இருப்பா. ரெண்டு கல்லுதான். பாதியில விட்டா கல்லு எழும்பிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பாதித் தரையை விட்டுவிட்டு வா என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை போலிருக்கிறது. என் பக்கத்தில் வந்து வேலியில் கை வைத்து நின்றார். அவள் ஒரு கல்லை வைத்தாள், தட்டினாள், காதைக் கொடுத்தாள். அவர் தலையும் தன்னையறியாமல் லேசாகச் சாய்ந்தது. கடைசிக் கல் வைத்து முடிந்ததும் அவள் ஒரு சாக்குத் துணியால் தரை முழுக்கத் துடைத்தாள். பிறகு பின்னாலேயே நகர்ந்து கதவு வழியாக வெளியே வந்து, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

நான் மூச்சு விட்டேன். முடிந்தது, இனி கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் டயர்மேல் கிடந்த ஒரு பழைய துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நடையே மாறிவிட்டது. கதவின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டினாள். கதவு "கிரீச்" என்று சொல்லிக்கொண்டே திறந்தான். உள்ளே போய்த் தரையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா போட்டிருக்காங்களே," என்றாள், பெரிய மனுஷிக் குரலில். பிறகு வேலிப்பக்கம் திரும்பினாள். "மேஸ்திரி, உள்ள வாங்க."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"உங்களைத்தான் மேஸ்திரி. வாங்க."

குழந்தை கூப்பிட்டுவிட்டது, எங்கள் சட்டப்படி அவர் போகலாம். நான் வேலிக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் தயங்கித் தயங்கிப் போனார். கற்களின் ஓரத்துக்கு வந்ததும் குனிந்து ஷூவைக் கழற்றி, ஜோடியாக வெளியே வைத்தார். யாரும் சொல்லவில்லை, அது பழக்கம். கதவு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "தட்டணும்," என்றான். அவர் ஒரு விரலால் அவன் வயிற்றைத் தட்டினார். "கிரீச்."

இதற்குள் அவள் வகுப்புக்கு ஓடிப்போய், பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அதைத் தரையின் நடுவில் வைத்தாள்.

"உட்காருங்க."

"இருக்கட்டுங்க, பரவால்ல," என்றார் அவர். "அழுக்காயிடும்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. பணிவான, பழகிப்போன, சட்டென்று வருகிற குரல். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, சேறு பூசிய நாலு வயதுக் குழந்தையிடம் அவர் அதைச் சொன்னார். எத்தனை வீடுகளில் சொல்லிச் சொல்லி அது அப்படி வழவழப்பாகியிருக்கும் என்று நினைத்தேன்.

"ஆகாது. நீங்க போட்ட தரைதானே? உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாயை இடித்தன. அவள் ஒரு கப்பில் சேற்றுத் தண்ணீரை ஊற்றி, தட்டில் வைத்து, சிந்தாமல் இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினாள். "டீ குடிங்க மேஸ்திரி. மெதுவா குடிங்க, அவசரம் ஒண்ணுமில்ல." அவர் வாங்கி உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குடிப்பதுபோல உறிஞ்சினார்.

"எந்த வீட்டுலம்மா இப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டார். இப்போது அது அப்பாவின் குரல்.

"எந்த வீட்டுலயும் சொல்லல," என்றாள் அவள், இதுகூடவா தெரியாது என்பதுபோல. "நீதானே அம்மாகிட்ட சொன்னே. வேலை முடிஞ்சதும் உள்ள விட மாட்டாங்க, உட்காரச் சொல்ல மாட்டாங்கன்னு. நான் தூங்கலப்பா, கேட்டுட்டேன்." துப்பட்டாவை இழுத்துச் சரி செய்துகொண்டாள். "அதான் நானே வீடு கட்டிட்டேன். இது என் வீடு. இங்க நான்தான் சொல்லுவேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் அழுதுகொண்டிருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. உள்ளே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரிய டீச்சர் நகர்ந்து போனார். கதவு மட்டும் கலங்காமல் கையை விரித்தபடி காவல் நின்றான்.

அவள் அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் துப்பட்டா நுனியால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அதில் இருந்த சேறு அவர் முகத்தில் கோடாக இழுபட்டது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"டீ நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க."

"இன்னும் அடுப்படி பாக்கி இருக்கு," என்றாள் வீட்டுக்காரம்மா. "நாளைக்கு மறக்காம வந்துடணும்."

அவர் எதற்காக வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் கப்பைத் தட்டில் வைத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"சரிங்கம்மா," என்றார். "வந்துடறோம்."