கடைசி பெஞ்சுக்கு மிச்சமில்லை

எங்கள் ஆங்கில வகுப்பில் பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டுமானால், எழுவதற்கான ‘ரைஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் ஏதாவது ஒரு பயன்பாடு நம் பெயரில் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான். அருமைநாயகி மிஸ் செவ்வாய்க்கிழமை காலை அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

முதல் பெஞ்சில் இருந்த பஸ் கண்டக்டருக்குச் சூரியன் எழுவது கிடைத்தது. வாக்கியத்தைச் சொன்னார், எழுந்தார், போய்விட்டார். ஜன்னலில் வெயில் வந்தது. பேக்கரிக்காரருக்கு மாவு உப்புவது. வெங்காய மண்டிக்காரருக்கு விலை ஏறுவது. அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆறு, புகை, காய்ச்சல், கலகம் எல்லாம் நடு பெஞ்சோடு தீர்ந்தன. நான் கடைசி பெஞ்சு. பள்ளிக்கூடத்திலும் அங்கேதான் கிடந்தேன். புத்தி வரவில்லை.

“உங்களுக்கு மிச்சமில்ல சார்,” என்றார் மிஸ்.

“அப்ப நான்?”

“உக்காந்திருங்க.”

பெஞ்சில் பசை எதுவும் இல்லை. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பத்தரை மணிக்குத் தங்கை செண்பகவல்லி போன் செய்தாள்.

“அண்ணே, அப்பா போயிட்டாரு. உடனே வா.”

“எழுந்திருக்க முடியல.”

“எனக்கும்தான் கைகால் ஓடல. வா.”

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார். விண்ணப்பம் எழுதலாம் என்றார்.

“குடுங்க, எழுதுறேன்.”

“மேஜைகிட்ட வந்து நின்னுதான் எழுதணும்.”

மதியம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். குளிப்பாட்டியாகிவிட்டது. நாலு மணிக்குள் எடுக்க வேண்டும். ஒரே மகன் வராமல் எப்படி எடுப்பது என்று எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கொள்ளி வைப்பது ஒன்றுதான் அப்பாவுக்கு நான் செய்ய மிச்சமிருந்தது. உயிரோடு இருந்தபோது எதையும் செய்ததில்லை.

மூன்று மணிக்குப் பாடை தூக்க வந்த நான்கு பேரையும் தங்கை அனுப்பிவைத்தாள். என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“தூக்கிட்டுப் போங்கப்பா,” என்றேன்.

“உசுரோட இருக்கிறவங்களத் தூக்கிப் பழக்கமில்லண்ணே,” என்றார் மூத்தவர். “பெஞ்சோட தூக்கலாம்.”

“பெஞ்சு இன்ஸ்டிடியூட்டோடது,” என்றார் மிஸ்.

நால்வரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா வந்தார். நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டியிருந்தது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதனால் குதித்துக் குதித்து வந்தார். தாடையோடு சேர்த்து வாயையும் கட்டியிருந்ததால் பல்லிடுக்கில்தான் பேசினார்.

“எந்திரிடா.”

“முடியலப்பா.”

“எனக்கு மட்டும் முடியுதா? வந்தேன்ல?”

மாடிப்படி ஏறியதில் அவருக்கு இரைத்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்றார்.

“கொள்ளி யாருப்பா வைப்பா?”

“நானே வச்சுக்கிறேன். நீ பாடத்தக் கவனி.”

என் தலையில் ஒருமுறை கைவைத்தார். ஜில்லென்று இருந்தது. திரும்பிக் குதித்துப் போனார். படியில் அவர் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஓர் இடத்தில் சறுக்கியது. பிடிக்க யாரும் இல்லை.

நான் உட்கார்ந்தபடியே, “பாத்துப்பா” என்றேன்.