குதிகாலைத் தூக்கிய தையல்காரரின் சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு சைக்கிள் கடையில் கிடைத்தது. காற்றடிக்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர் தொடைகளுக்கு நடுவே தடித்த புத்தகத்தை இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். ஃபிரேம் சைஸ் தேர்ந்தெடுக்க அப்படித்தான் கால் அளவு எடுப்பார்களாம். அந்தப் புத்தகம் என் நாவல். [புளுகு. ஏதோ அகராதி. நாவலென்றால் அதற்கும் ஒரு உபயோகம் கிடைத்திருக்கும்.]

'இளங்காலைப் பொழுதில், கட்டுடல் கொண்ட அந்த வாலிபன்...' வேண்டாம். அவருக்குத் தொந்தி.

2

அவரைத் தையல்காரர் ஆக்கினேன். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கும் ஆட்களை நாள் முழுக்கப் பார்ப்பவர். ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரல் கூட்டியே வெட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், தன் முறை வந்ததும், தொளதொள பேன்ட்டுக்குள் குதிகாலைத் தூக்கிவிட்டார்!

காரணம், பக்கத்தில் நின்ற மனைவி. அவள் ஞாயிறுதோறும் ஒரு குழுவோடு சைக்கிள் ஓட்டுகிறவள். குழுவில் ஒரு பல் டாக்டர், ஒட்டகச்சிவிங்கிக்குச் சித்தப்பா மாதிரி உயரம். "நீங்களும் வாங்களேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் அவள் கேட்டிருக்கிறாள். கால் குட்டையென்று தெரிந்தால் இனிமேல் கேட்கவே மாட்டாள் என்று தையல்காரர் கணக்குப் போட்டார்.

"கால் நல்ல நீளம் சார் உங்களுக்கு. ஐம்பத்தெட்டு சைஸ் எடுங்க," என்றார் கடைக்காரர்.

"அட, பல் டாக்டரோடதும் அதே சைஸ்தான்," என்றாள் மனைவி.

போதாதா?

"ஏறிப் பாக்குறீங்களா சார்?"

"எதுக்குங்க? அதான் அளவு எடுத்தாச்சே!"

[அவருக்குச் சரியான சைஸ் ஐம்பத்திரண்டு.]

3

ஞாயிற்றுக்கிழமை. வாசற்படியிலிருந்து எப்படியோ ஏறிவிட்டார். பெடல் கட்டைவிரலுக்கு எட்டியது. ஆனால் நிறுத்தினால் தரை எட்டாது. நடுக்கம்பிதான் எட்டும், அதுவும் எங்கே என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நிறுத்தவே கூடாது.

பாவமாக இருந்தது. வழியிலிருந்த சிக்னல்களை எல்லாம் கதையிலிருந்து அடித்துவிட்டேன். வேகத்தடைகளையும். பல் டாக்டருக்கு ஒரு பஞ்சர் எழுதி, குழுவையும் அவரோடு பின்னால் நிறுத்தினேன். ரயில்வே கேட்டையும் எடுத்தேன். ரயில் என்ன ஆனதென்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஊரே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போது முன்னால் போன மனைவி இறங்கினாள்.

"நில்லுங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

இந்த வரியையும் அடிக்கப் போனேன். கை வரவில்லை. அவள் கூப்பிட்டதே இதற்குத்தானே.

தையல்காரர் அவளைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா ஒரு ரவுண்டு."

"இறங்குங்கன்னா!"

"முடியாதும்மா! அன்னிக்குக் குதிகாலைத் தூக்கிட்டேன்! எல்லாம் பொய் அளவு!"

"ஏன்?"

"உன்கூட வரணும்னுதான்!"

4

முடிவு ஒன்று: அவள் சிரித்துவிடுகிறாள், இருவரும்... [சீ, மலிவு.]

முடிவு இரண்டு: நான் அவர் காலை நீட்டிவிடுகிறேன். நீட்டியும் பார்த்தேன். பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. தொழில் மானமே போச்சென்று ஆள் ஒரே அழுகை. பழையபடி சுருக்கிவிட்டேன்.

இப்போது அவள் தன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறாள்.

"பிரேக்கைப் புடிங்க. நான் தாங்கிக்கிறேன்."

அவர் இன்னும் பிடிக்கவில்லை. அவள் தாங்கிக்கொள்வாள், எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் நம்பமாட்டார். அவருக்காக ஊரையே பொய்யாக்கியவன் நான். நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவருக்கு மூச்சு வாங்குகிறது.