பெரியக்காவைக் கொல்லலாமா?

1

இந்தக் கதை கேரட் துருவும்போது வந்த வினை. இதை எழுதுகிறவர் (தன்னையே இப்படிச் சொல்லிக்கொள்வது பந்தாவுக்குத்தான், கண்டுகொள்ளாதீர்கள்) தோலுக்குள் வாழ்ந்து புதுத் தோலை உண்டாக்கும் ஒரு ஸ்டெம் செல்லைப் பற்றிக் கைப்பேசியில் கதை எழுதி, பிரமாதமான முடிவும் போட்டுவிட்டு, அந்த மிதப்பிலேயே துருவ உட்கார்ந்தார்.

"கேரட்டத் துருவச் சொன்னா கையத் துருவிட்டு நிக்கிறீங்களே!" என்றாள் மனைவி.

போனது கட்டைவிரலின் மேல்தோல். கைப்பேசி அந்த ரேகைக்குத்தான் திறக்கும். ரகசிய எண் சுத்தமாக மறந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியரோ கதை எங்கே என்று உயிரை வாங்குகிறார். முடிவு உள்ளே, எழுதியவர் வெளியே.

2

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்.

தோலின் அடியில், ஓர் இருண்ட... (பேய்க்கதை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

அவள் பெயர்... (செல்லுக்கு எதற்குப் பெயர்? முதலிலும் வெறும் பெரியக்கா என்றுதானே எழுதினோம்?)

பெரியக்கா தோலின் அடி வரிசையில் இருப்பவள். இரண்டாகப் பிரிவாள். ஒருத்தி அங்கேயே பெரியக்காவாகத் தங்குவாள். இன்னொருத்தி மேலே மேலே போய், தட்டையாகி, காய்ந்து, உதிர்ந்துவிடுவாள். காயம் பட்டால் பெரியக்காவுக்கு மூச்சு விட நேரமிருக்காது. தங்கைகளைப் பெற்றுப் பெற்று அனுப்பிப் பள்ளத்தை மூடவேண்டும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இவ மட்டும் எங்கயும் போகமாட்டாளா? பாவங்க."

"போனா தோலே இருக்காதும்மா."

"அப்ப கதையில இவளுக்கு என்னதான் ஆகுது?"

"கடைசியில செத்துடுவா. எப்படின்னுதான் ஞாபகம் இல்ல. ஆனா நீ அழுதுடுவ."

"நல்ல மனுஷன்யா நீங்க! உங்க விரல ஒட்டவைக்கிறதே அவதான்."

3

ஆசிரியரிடம் கெஞ்சி அவகாசம் வாங்கினார். தினமும் விரலை வைப்பார். கைப்பேசி, நீ யாரப்பா என்பதுபோல் முறைக்கும்.

ஒருநாள் திறந்துகொண்டது.* கத்தி ஊரையே கூட்டிவிட்டார் மனிதர்.

* காயம் ஆழமாக இறங்கவில்லை. அதனால் புதுத் தோலிலும் பழைய ரேகையே வந்தது. முடிவைத் தட்டி எழுதிய தோல் என்றோ குப்பைக்குப் போய்விட்டது.

4

முடிவு இருந்தது. கடைசி வரி: 'பெரியக்கா செத்தாள்.' சத்தியமாக அருமையான வரிதான்.

"அனுப்பப் போறீங்களா?" என்று மனைவி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். ஆசிரியர் அழைக்கிறார். புதுக் கட்டைவிரல் அந்த வரிக்கு மேலே தயங்கி நிற்கிறது. பூட்டைத் திறந்துவிட்டவளையே உள்ளே போய்க் கொல்ல இவருக்கு மனசு வரவில்லை. வரியை அழித்துவிட்டார்.

உங்களுக்கு மனசு வந்தால் நீங்களே கொன்றுகொள்ளுங்கள். கேரட் துருவும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து.