மருமகன் கணக்கில் மாமியார் படம்

அவளுக்கு வங்கி முழுக்க ஒரே பெயர்தான், ரேடியோ. வாயை மூடத் தெரியாதவள் என்று பழைய மேனேஜர் அவளைக் கவுண்டரிலிருந்து தூக்கி, ஜன்னல்கூட இல்லாத உள்ளறையில் போட்டுவிட்டார். வாடிக்கையாளர்களின் படங்களையும் கையெழுத்துகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. பேச ஆளில்லாத இடத்தில் அவளுக்குக் கை ஓடுமா? கொட்டாவி விட்டே பொழுது போனது.

விளைவு, மாமியாரோடு சேர்ந்து வந்து கணக்குத் தொடங்கிய ஒரு மருமகனின் கணக்கில் அந்த மாமியார் படமே ஏறிவிட்டது.

மனிதர் கொதித்துப்போய் வந்து நின்றார். அதுவும் புது மேனேஜரம்மா ஆண்டு மதிப்பீடு எழுதுகிற வாரத்தில். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மதிப்பீட்டில் சறுக்கினால் எங்கோ ஒரு தூரத்துக் கிளைக்கு மாற்றல் நிச்சயம். மகளுக்கோ பள்ளியில் கடைசி வருடம். இருந்தாலும் ரேடியோ தானே வெளியே வந்தாள்.

"தப்பு என்னோடதுதாங்க சார். உக்காருங்க, இப்பவே மாத்திடறேன். மாமியார் சௌக்கியமா?"

"அவங்களுக்கென்ன? வீட்லதான் அவங்க ராஜ்யம்னா, என் கணக்குலயுமா?"

"படத்துல உங்கள விட அவங்கதான் சார் நல்லா விழுந்திருக்காங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்ட வந்தவர், மனைவிக்கும் ஒரு கணக்கு தொடங்க விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜரம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க."

தொலைந்தோம் என்று நினைத்தபடியே போனாள்.

"உள்ள உங்க வேலை மோசம்," என்றார் மேனேஜரம்மா. "ஆனா நீங்க மோசமில்ல. நாளையிலருந்து வாசல்கிட்ட விசாரணை மேஜையில உக்காருங்க. அத பாத்துட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவேன்."

அந்த மேஜையில் அவள் மூச்சுவிட நேரமில்லாமல் உழைத்தாள். யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யாருக்கு விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும் எல்லாம் அத்துப்படி. எவ்வளவு வேலை செய்தும் அலுப்பே இல்லை. "நீ பஸ்லதான் வர்றியாம்மா, இல்ல பறந்தா?" என்று மகள் கேலி செய்தாள்.

மதிப்பீட்டைக் கையில் வாங்கினாள். மிக நன்று என்றிருந்தது. மாற்றல் இல்லை. தன்னைத் தூக்கிப் போடாமல் தூக்கி நிறுத்தியவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

மேனேஜரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன, ரேடியோவுக்குக் கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.