உட்பக்கத்துக் கரி

சிவக்கொழுந்து தேங்காய்ப் பொச்சைச் சாம்பலில் தோய்த்து ஓட்டுத் துண்டுகளை உரஞ்சிக்கொண்டிருந்தாள். கந்தரோடைத் தோட்டக்காணியில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பழம்பொருள் தேடிக் குழி வெட்டத் தொடங்கி ஒரு மாதம். அதிலிருந்து வரும் உடைந்த பானை ஓடுகளைக் கழுவுவது அவள் வேலை. புகையிலை வெட்டு முடிந்த ஊரில் வேறு வேலை ஏது? புருசன் நாரியெலும்பு முறிந்து பாயில் கிடக்கிறான். இந்தக் கூலி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் தியாகலிங்கம் குழிக்கும் ஓடு கழுவும் பந்தலுக்குமாக அலைந்தார். ஓரிடத்தில் நிற்கமாட்டாத மனிதர்.

"ரோமாபுரி ஓடு ஒண்டெண்டாலும் பிடிபடாட்டி இண்டையோடை வேலை சரி. துரை சொல்லிப்போட்டார்."

"அது எப்பிடி ஐயா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? கப்பலிலை திராட்சை ரசம் வந்த சாடியாம்."

அடுத்த துண்டு தடிப்பாக இருந்தது. வெளிப்பக்கம் சுத்தம், உட்பக்கம் கறுப்பு. சாம்பலைத் தொட்ட கை நின்றது. அடுப்பேறும் சட்டிக்குக் கரி வெளியில் அல்லவா பிடிக்கும்? கறுப்பை நகத்தால் சுரண்டித் தேத்தண்ணி அடுப்பின் தணலில் போட்டாள். குங்கிலியம் மணத்தது.

இப்படி எத்தனை துண்டுகளைக் கரியென்று நினைத்து உரஞ்சித் தள்ளியிருப்பாள்! வாயைத் திறந்தால் ஏச்சு. திறக்காவிட்டால் எல்லாருக்கும் வேலை போச்சு.

"ஐயா, இஞ்சை ஓடியாங்கோ! இது கரியில்லை. கடல் வள்ளத்துக்குப் பூசுற குங்கிலியம். ரசம் கசியாமல் பூசியிருக்கினம்."

துரை பூதக்கண்ணாடியோடு வந்தார். பார்த்தார், முகர்ந்தார், இங்கிலீசில் கூவினார். ஓவசியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஏதோ கேட்டார்.

"இப்பிடி வேறை துண்டு இருக்கோ எண்டு கேக்கிறார், பிள்ளை."

சிவக்கொழுந்து கழுவிய துண்டுகள் நிறைந்த இரண்டு ஓலைக் கடகங்களைக் காட்டினாள். "கரியெண்டு உரஞ்சிப்போட்டன் ஐயா. முதலே சொல்லித் தந்திருந்தால் உரஞ்சியிருப்பனோ?"

துரையின் முகம் கடுத்தது. அவர் பேசி முடிக்கும்வரை ஓவசியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் மூண்டு மாதம் வேலை நடக்கும், பிள்ளை. ஆனால் நீ நாளைக்கு வரவேண்டாம். கழுவக் கொழும்பிலையிருந்து படிச்ச ஆக்கள் வருகினமாம்."

"நான் சொல்லாட்டி உந்த வேலையே நிண்டிருக்குமே ஐயா!"

"ஓம்" என்றார் ஓவசியர்.

படம் பிடிப்பவர் கமராவை முக்காலியில் நிறுத்தினார். துண்டின் அளவு தெரியவேண்டுமாம். அவளை உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொன்னார். அவள் நீட்டினாள்.

துரை குனிந்து பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார்.

"கையை எடுக்கட்டாம்" என்றார் ஓவசியர்.

அவள் துண்டை வெள்ளைச் சீலையில் வைத்துவிட்டு விலகினாள். கை இருந்த இடத்தில் அளவு காட்டும் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் பிடித்தார்கள்.