எழுபத்தைந்து டிகிரி

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுப்பது என் தொழில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி. பதினொரு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். வாடிக்கை ஒரே ஓர் ஆஸ்பத்திரிதான். அங்கிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. என் பாய்லர் விடும் புகையில் கால் பங்காவது இந்த வருடத்துக்குள் குறைய வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னது.

வங்கி கையை விரித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். முதுகலை மாணவர்களுக்கு முதலீடு செய்யக் கற்றுக்கொடுக்கிறாராம். போட்ட பணமும் திரும்ப வர வேண்டும், புகையும் குறைய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற படிப்பு. யாரோ கொடுத்த நிஜப் பணம் ஒரு நிதியாக இருக்கிறது. மாணவர்கள் ஒரு தொழிலை ஆராய்ந்து, ஒரு குழுவின் முன்னால் போய் நின்று, இதில் போடலாம் என்று வாதாட வேண்டும்.

"அப்போ என் தலையை வெச்சுத்தான் சிரைக்கப் பழகப் போறாங்க."

"யார் தலையாவது வேணுமே" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவன் என் மனைவியின் தம்பி. அவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "விடுங்க அத்தான். ஏற்கெனவே வழுக்கைதானே, புதுசா என்ன போயிடப் போகுது?"

இரண்டு பேர் வந்தார்கள். ஓயாமல் கேள்வி கேட்ட பெண்ணுக்குக் 'கேள்வி' என்றும், அந்த வெக்கையிலும் டையைக் கழற்றாத பையனுக்கு 'டை' என்றும் மைத்துனன் பெயர் வைத்தான். எனக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை. இலவசமாக உதவ வருகிறவன் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவான் என்பது என் எண்ணம்.

"தண்ணி எவ்வளவு சூட்டுல ஓடும் ஐயா?" என்று கேள்வி கேட்டாள்.

"கையை வெச்சா வெந்துடும்."

எதையோ எழுதிக்கொண்டாள். அறுபது என்று எழுதினாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை ஒரு தடவை பாக்கலாமா?"

"அது வக்கீல்கிட்ட இருக்கும்மா."

பொய். என் மேஜைக்குள்தான் பூட்டியிருந்தது. நான் வாங்கும் விலை வெளியே கசிந்தால் வேறொருவன் குறைத்துக் கேட்டு உள்ளே வந்துவிடுவான் என்ற பயம்.

இரண்டு மாதம் வந்து போனார்கள். டீசல் பாய்லரை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் சூடேற்றும் இயந்திரம் வைப்பது என்று முடிவாயிற்று. புகையே இருக்காது. "அப்ப நான்?" என்றான் மைத்துனன். "நீங்கதான் அதையும் பாத்துக்கணும், அண்ணா. பயிற்சிச் செலவும் போட்டிருக்கோம்" என்றாள் அவள். அன்றிலிருந்து அவளுக்குத் தினமும் அவன் கையால் டீ.

குழு கூடும் நாள் காலையில் பேராசிரியை போன் செய்தார். காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரவேண்டும், ஒப்பந்தம் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்களாம். வேறு வழியில்லாமல் கொண்டுபோனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி அதைப் புரட்டினாள். மூன்றாவது பக்கத்தில் கை நின்றது.

"எழுபத்தஞ்சு டிகிரி, பத்து நிமிஷம்னு போட்டிருக்கு" என்றாள். "நாம சொல்ற மெஷின் அறுபதைத் தாண்டாது."

டை அக்கம்பக்கம் பார்த்தான். "இப்பச் சொல்லாத. பணம் வரட்டும், அப்புறம் சமாளிச்சுக்கலாம். நம்ம மார்க்கே இதுலதான் இருக்கு."

நானும் அதையேதான் நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

உள்ளே நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். அவள் எழுந்து முதல் வார்த்தையாகவே சொன்னாள். "இந்தத் திட்டத்துக்குப் பணம் குடுக்காதீங்க. எங்க அறிக்கை தப்பு."

பாவி, பதினொரு குடும்பத்தை ஒரே வாயில் முடித்துவிட்டாளே என்று மனதுக்குள் திட்டினேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அறுபது டிகிரியில் சில கிருமிகள் சாகாது, ஆபரேஷன் ஆனவர்கள் மேல் போர்த்துகிற துணி அது, என்றாள்.

தலைவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், பேனாவைக் கீழே வைத்தார். "ஒப்பந்தத்தை முன்னாடியே பாக்கலையா? உரிமையாளர் மறைச்சாரா? மறைச்சிருந்தா கோப்பை மூடிடணும், அது விதி."

"இல்ல சார். நான் அழுத்திக் கேக்கல. சூட்டையும் அளந்து பாக்கல. தப்பு என்னோடது."

என் பொய்யைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். என் பேத்தி வயது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் வக்கீல்கிட்ட இருக்குன்னு பொய் சொல்லிப் பூட்டி வெச்சேன். மூடறதுன்னா மூடுங்க. அந்தப் பொண்ணோட மார்க்கைக் குறைக்காதீங்க."

ஓரத்திலிருந்த இன்ஜினியர் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "தானே எழுந்து சொல்றவரை மறைச்சவர்னு எழுத முடியாது சார். ஆறு வாரம் குடுங்க. வேற வழி இருந்தா கொண்டு வரட்டும்."

தலைவர் மறுபடி பேனாவை எடுத்தார். சரி என்றார்.

மறுநாளே கேள்வி ஒரு வெப்பமானியோடு வந்தாள். டையும் வந்தான், டை இல்லாமல். இந்தத் தடவை என்னிடம் எதையும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் அளந்தாள். பாய்லர், குழாய், இயந்திரத்தின் வயிறு. கடைசியில் கழிவுநீர் வெளியேறும் வாய்க்காலில் குனிந்து வைத்தாள்.

"ஐம்பத்தெட்டு! உள்ள வர்ற தண்ணி இருபத்திநாலு. ஐயா, இவ்வளவு சூட்டையும் எங்க விடறீங்க?"

"சாக்கடைலதான்."

"முப்பது வருஷமா சாக்கடைக்கு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டியிருக்கோம் அத்தான்" என்றான் மைத்துனன்.

வெளியே போகும் வெந்நீரைச் சோதனைக்காக ஒரு சின்னத் தொட்டியில் நிறுத்தி, உள்ளே வரும் பச்சைத்தண்ணீர்க் குழாயை அதற்குள் சுருள் சுருளாக விட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் பாதி சூடாகி வரும், மிச்சத்தைத்தான் பாய்லர் ஏற்ற வேண்டும். முதல் வாரம் துணிப்பிசிறு அடைத்துக்கொண்டது. மைத்துனன் கொசுவலையைக் கத்தரித்து ஒரு வடிகட்டி செய்தான், புது அறிக்கையில் அதற்குக் கேள்வி ஒரு பக்கம் ஒதுக்கினாள். குழு இரண்டாம் தடவை தட்டாமல் கையெழுத்துப் போட்டது. முன்பு கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூடச் செலவில்லை. டீசல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அவளுக்கு முதல் அறிக்கைக்கான மதிப்பெண் போனது போனதுதான். நான் பேராசிரியையிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீங்க சொல்றது புரியுது. தப்பா எழுதினதுக்கு மார்க் இல்ல. ஆனா அவளை நம்பி நான் என் பணத்தைக் குடுப்பேன்" என்றார்.

டிசம்பரில் ஆஸ்பத்திரி அதிகாரி வந்தார். டீசல் ரசீதுகளைப் பார்த்தார், சூட்டையும் அளந்தார். எழுபத்தாறு. மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வாசலிலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சுதும்மா. மூணு வருஷம்."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். "ஐயா, பதினொரு பேரும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான். கொடுத்த காசுக்கு வேலை, அதற்கென்ன நன்றி என்றிருந்தவன். அன்று குழுவின் முன்னால் காசு வாங்காமல் ஒருத்தி எனக்கு 'வேண்டாம்' சொல்லியிருந்தாள். அந்த வேண்டாம் இல்லாவிட்டால் யாரோ ஒரு நோயாளியின் வெட்டுக்காயத்தின் மேல் வேகாத துணியைப் போர்த்தியிருப்பேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன். வாய் கூசவே இல்லை.